சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரம், பயண நேரம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுவில் எங்கும் இறங்காமல் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் சேவையை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரிலிருந்து நடத்துகிறது. முதலில் நியூயார்க்கை ஒட்டி நியூ ஜெர்சியில் இருக்கும் நியூவார்க் விமான நிலையத்துக்கு மட்டும் போனது. 2020 நவம்பரில் நியூயார்க் நகரின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையமும் (ஜேஎஃப்கே) சேர்ந்துகொண்டது. டிக்கெட் எடுக்கும் முன்பும் எடுத்த பின்பும் பலருக்கும் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் எவ்வளவு தூரம்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜேஎஃப்கேவுக்கு 15,349 கிலோமீட்டர். நியூவார்க்குக்கு 15,344. பூமியின் பரப்பின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய தூரம் இது. விமானம் நிஜத்தில் பறக்கும் தூரம் வேறு. அது கீழே வரும்.

ஒரு தளத்தில் 9,537 என்றும் இன்னொன்றில் 8,288 என்றும் பார்த்துக் குழம்ப வேண்டாம். முன்னது சாதாரண மைல், பின்னது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமான நிலையத்துக்குப் பதிலாக நகரின் மையத்திலிருந்து அளக்கும் தளங்களில் சில கிலோமீட்டர் கூடும், குறையும்.

இந்தத் தூரத்தை நானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். அதிலும் இந்த இரண்டு ஊருக்கும் கணக்கு ரொம்பச் சுலபம். சாங்கி 1.36 டிகிரி வடக்கு, 103.99 டிகிரி கிழக்கு. ஜேஎஃப்கே 40.64 டிகிரி வடக்கு, 73.78 டிகிரி மேற்கு. இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.77 டிகிரி. கிட்டத்தட்ட 180. அதாவது பூமிப்பந்தில் ஒன்றுக்கு நேர் மறுபக்கத்துத் தீர்க்கரேகையில் மற்றது இருக்கிறது. அப்படியானால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டித்தான் போக வேண்டும்.

சாங்கியிலிருந்து துருவத்துக்கு 90-இல் 1.36 போக 88.64 டிகிரி. துருவத்திலிருந்து ஜேஎஃப்கேவுக்கு 90-இல் 40.64 போக 49.36 டிகிரி. மொத்தம் 138. பூமியில் ஒரு டிகிரிக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346. உண்மையான தூரத்துக்கும் இதற்கும் மூன்றே கிலோமீட்டர் வித்தியாசம்.

வேறு எந்த இரண்டு ஊருக்கும் பொதுவான முறை இது: இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை எந்தக் கோணத்தின் கொசைன் தருகிறது என்று பார்த்து, அந்தக் கோணத்தை 111.2-ஆல் பெருக்குங்கள். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் விடை ஓரிரு பத்து கிலோமீட்டர் தள்ளி வரலாம். ஒரு ஊர் கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருந்தால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. பெரும்பாலோர் தப்பு விடுவது இந்த இடத்தில்தான்.

கணக்கே வேண்டாம் என்றால் வீட்டில் இருக்கும் பூமி உருண்டையை எடுங்கள். சிங்கப்பூரில் நூலின் ஒரு முனையை வைத்து நியூயார்க் வரை இறுக்கிப் பிடித்தால் நூல் தானாக வழுக்கிக்கொண்டு துருவத்தின் பக்கம் போய் நிற்கும். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இது தெரியவே தெரியாது.

அப்படியானால் விமானம் வடதுருவத்தின் மேலேயா பறக்கிறது?

பெரும்பாலும் இல்லை. குறுகிய வழியும் சீக்கிரம் போய்ச் சேரும் வழியும் வேறு வேறு. காரணம் காற்று.

நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டிய பசிபிக் பகுதியில் அது மணிக்கு 200 கிலோமீட்டரை அநாயாசமாகத் தாண்டும். அதன் முதுகில் ஏறிக்கொண்டால், சில நூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் முன்னதாகப் போய்ச் சேரலாம். அதனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் வழக்கமாக வடகிழக்கே போய், ஜப்பான் பக்கமாக வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடா வழியே நியூயார்க்கில் இறங்கும்.

திரும்பி வருவதுதான் இன்னும் சுவாரசியம். வந்த வழியே போனால் அதே காற்று முகத்தில் அடிக்கும். இரண்டு ஊர்களும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், வந்த வழியைத் தவிர்த்துவிட்டு அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா பக்கமாக வங்கக்கடலைத் தாண்டி சிங்கப்பூர் வர முடிகிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு! விமானம் அப்படித் திரும்பும் நாட்களில் போய்வரும் பயணி பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறார். டிக்கெட்டில் அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது.

எந்த வழி என்பது முன்கூட்டியே அச்சடித்து வைத்த விஷயம் அல்ல. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு காற்றுக் கணிப்பு, புயல், மூடிய வான்வெளி, வழியில் அவசரத்துக்கு இறங்க என்னென்ன விமான நிலையங்கள் என எல்லாவற்றையும் பார்த்து அன்றைய பாதையைப் போடுகிறார்கள். அதனால் பறக்கும் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு.

துருவத்துக்கு அருகில் போவதில் இன்னொரு சிக்கல் எரிபொருள் உறைவது. அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கலாம். சிங்கப்பூரில் நிரப்பும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். வெளியே மைனஸ் 65, 70 என்று மணிக்கணக்கில் இருந்தால் இறக்கையில் இருக்கும் எரிபொருள் மெல்லக் குளிர்ந்துகொண்டே வரும். விமானி வேகத்தைக் கூட்டுவார், அல்லது கொஞ்சம் வெப்பமான உயரத்துக்கு இறங்குவார்.

பயண நேரம் எவ்வளவு?

இரண்டு திசையிலும் அட்டவணைப்படி 18 மணி நேரத்துக்கும் 19 மணி நேரத்துக்கும் நடுவே. பருவத்தைப் பொறுத்துச் சில பத்து நிமிடம் மாறும்.

டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. அவ்வளவு நேரமும் வானத்திலா?

இல்லை. விமானம் கேட்டை விட்டு நகரும் நொடியிலிருந்து அந்தப் பக்கம் கேட்டில் போய் நிற்கும் நொடி வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்குப் போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் கேட் காலியாகும் வரை நிற்பது எல்லாம் இதில் அடக்கம். ஜேஎஃப்கேயில் மாலை நெரிசலில் இது அரை மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். காற்று சரியாக அமைந்த நாளில் வானத்தில் இருப்பது 18 மணி நேரத்துக்குக் குறைவாகவே இருக்கும்; 2018-இல் நியூவார்க்குக்குப் போன முதல் விமானமே அப்படித்தான் முன்னதாக இறங்கியது.

எந்த நீண்ட பயணத்துக்கும் குத்துமதிப்பாக நேரம் போட ஒரு வழி: தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். 15,349-ஐ 850-ஆல் வகுத்தால் 18 மணி நேரம். அரை மணி சேர்த்தால் பதினெட்டரை. ஆனால் ஒரே வழியாகப் போய் அதே வழியாகத் திரும்பும் பயணங்களில் மேற்கு நோக்கிப் போகும்போது கூடுதலாகவும் கிழக்கு நோக்கி வரும்போது குறைவாகவும் எடுக்கும். இந்தப் பயணம் அதற்கு விதிவிலக்கு. ஏன் என்று மேலே பார்த்தோம்.

புறப்பட்ட அதே நாளில் போய்ச் சேருவோமாமே?

ஆமாம். நியூயார்க்கில் கோடை நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பது) நடக்கும்போது, அதாவது மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை, சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னால் இருக்கிறது. மற்ற மாதங்களில் 13 மணி நேரம். சிங்கப்பூரில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை.

ஓர் உதாரணம். சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி 12:10-க்குச் சிங்கப்பூரில் புறப்படுகிறீர்கள். 18 மணி 40 நிமிடம் கழித்து சிங்கப்பூரில் சனி மாலை 6:50. கோடையில் அதிலிருந்து 12-ஐக் கழித்தால் நியூயார்க்கில் சனி காலை 6:50. குளிர்காலமானால் 5:50. கோடையில் முள் கடிகாரம் கட்டியிருப்பவர் திருகவே வேண்டாம். காலை மாலை மட்டும்தான் மாறுகிறது. கிழக்கே போவதால் நாலைந்து மணி நேரத்திலேயே பொழுது விடிந்து, பகல் அவசரமாக ஓடி, மறுபடி இருட்டிவிடும். ஒரே தேதியில் இரண்டு இரவு.

இன்னொன்று: சனி 12:10 என்று டிக்கெட்டில் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சனி இரவு கிளம்பிப் போய் விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

திரும்பும்போது ஒரு நாள் காணாமல் போகிறதே?

திங்கள் இரவு 10:00-க்கு நியூயார்க்கில் ஏறினால் புதன் விடிகாலை 5 மணி வாக்கில் சிங்கப்பூரில் இறங்குவீர்கள். செவ்வாய்க்கிழமை முழுக்க ஆகாயத்தில் போய்விடும். விடுப்புக் கணக்கு போடுகிறவர்கள், செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறவர்கள், இரண்டு பேருமே இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த விமானம்? இவ்வளவு தூரம் எப்படிப் பறக்கிறது?

ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நெடுந்தூரம் பறப்பதற்கான வகை. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின். இந்த வகையில் ஏழு விமானங்கள் மட்டுமே இருக்கின்றன. ஏழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம்தான். சாதாரண ஏ350-900 கொள்ளும் 1,41,000 லிட்டருக்குப் பதிலாக இது 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். கூடுதல் தொட்டி எதையும் பொருத்தவில்லை. இருக்கும் தொட்டிகளுக்குள்ளேயே அதிகம் நிரப்பும்படி எரிபொருள் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள்.

முழுக்க நிரப்பினால் எரிபொருளின் எடை மட்டும் சுமார் 130 டன். விமானம் எரிபொருளோடும் ஆட்களோடும் சேர்த்துக் கிளம்பக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். இதில் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. கடைசி மணி நேரங்களில் எரிக்க வேண்டிய எரிபொருளை முதல் நிமிடத்திலிருந்தே சுமந்து பறக்க வேண்டும். அப்படிச் சுமப்பதற்கே தனியாக எரிபொருள் செலவாகும். அதனால் எடையை எங்கெல்லாம் குறைக்க முடியுமோ அங்கெல்லாம் குறைத்திருக்கிறார்கள். முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்படுத்துவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மற்ற நெடுந்தூர ஏ350-900 விமானங்களில் 253 இருக்கைகள். இதில் 161 மட்டும். பிசினஸ் கிளாஸ் 67, எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவான பிரீமியம் எகானமி 94.

எகானமி டிக்கெட் கிடைக்குமா?

நேரடி விமானத்தில் கிடையாது. எகானமியில்தான் போக வேண்டும் என்றால் அதே நிறுவனம் ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக ஜேஎஃப்கேவுக்கு விமானம் விடுகிறது. சிங்கப்பூர் – ஃப்ராங்க்ஃபர்ட் ஏறக்குறைய 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் 6,200. மொத்தத்தில் தூரம் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம்தான் கூடுகிறது. நேரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடும். ஃப்ராங்க்ஃபர்ட்டில் கைப்பையோடு இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏற வேண்டும்.

கால் நீட்டி நடக்க ஒரு வாய்ப்பு என்று இதையே விரும்பி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ள பெற்றோரை அனுப்புவதானால் இது மோசமான யோசனை இல்லை.

சென்னையிலிருந்து நியூயார்க் போக இந்த வழி சரியா?

தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. சென்னை – நியூயார்க் நேர்த்தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். சென்னையிலிருந்து முதலில் 2,900 கிலோமீட்டர் கிழக்கே போய்ச் சிங்கப்பூரில் ஏறினால் மொத்தம் 18,000-ஐத் தாண்டுகிறது. வளைகுடா அல்லது ஐரோப்பா வழியே போவதுதான் சுருக்கம். சிங்கப்பூரில் நாலு நாள் தங்கும் வேலை இருந்தால் வேறு விஷயம்.

முன்பே இப்படி ஒரு சேவை இருந்து நின்றுபோனதே, ஏன்?

2004 ஜூனில் ஏ340-500 விமானத்தை வைத்து நியூவார்க் சேவையைத் தொடங்கினார்கள். நான்கு எஞ்சின். 2008-இல் வெறும் 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் என்று மாற்றிப் பார்த்தார்கள். எரிபொருள் விலை ஏற ஏற, கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சினில் இதே தூரம் போகும் விமானம் வரும் வரை ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரே விமானி 18 மணி நேரமும் ஓட்டுவாரா?

நான்கு விமானிகள் இருப்பார்கள். முறை வைத்து ஓட்டுவார்கள், முறை இல்லாதவர்கள் படுக்கை உள்ள தனி அறையில் உறங்குவார்கள். பணிப்பெண்கள், பணியாளர்களுக்கும் அப்படியே.

என்னென்ன கோளாறு வரக்கூடும்?

எதிர்க்காற்று கணிப்பை விடப் பலமாக இருந்தால் எரிபொருள் கணக்கு உதைக்கும். அப்போது வழியில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு போக வேண்டிவரும். அபூர்வம்தான். நியூயார்க்கில் பனிப்புயல், கோடை மாலைகளில் இடிமழை என்றால் வானத்தில் வட்டமடிக்க வைப்பார்கள். 15,000 கிலோமீட்டர் பறந்து வந்த விமானத்திடம் அதற்கு மிஞ்சியிருக்கும் எரிபொருள் அளவானது, ஆகவே பக்கத்து ஊருக்குத் திருப்பிவிடும் வாய்ப்பும் இருக்கிறது.

புறப்படும்போதே ஏற்படும் தாமதம் இன்னொரு வகை. விமானிகளின் பணி நேரத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. இவ்வளவு நீண்ட பயணத்தில் அந்த வரம்புக்குள் இடைவெளி குறைவு. அதனால் சிறிய பயணங்களில் வெறும் தாமதமாக முடிகிற விஷயம் இங்கே மறுநாளுக்குத் தள்ளிப்போகலாம். நியூயார்க்கிலிருந்து வேறு ஊருக்குத் தொடர் விமானம் இருந்தால் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

பிரீமியம் எகானமியில் எந்த இருக்கை நல்லது?

வரிசை அமைப்பு 2-4-2. இருக்கைகளுக்கு இடையே 38 அங்குலம். விமானத்தின் பின்கோடியில், உடல் குறுகும் இடத்தில், ஜன்னல் ஓரம் ஒற்றை இருக்கைகள் சில இருக்கின்றன. பக்கத்தில் ஆள் இல்லை, சாமான் வைக்க ஓரத்தில் பெட்டியும் உண்டு. தனியாகப் போகிறவருக்கு அதுவே முதல் தேர்வு. கழிப்பறைப் பக்கம் ஆள் நடமாட்டம் கொஞ்சம் இருக்கும். ஜோடியாகப் போகிறவர்கள் ஓரத்து இரண்டு இருக்கைகளை எடுங்கள். நடு நான்கில் உள்ளே மாட்டிக்கொண்டால் பதினெட்டு மணி நேரமும் தூங்குகிறவரை எழுப்பித்தான் வெளியே வர வேண்டும்.

உடம்புக்கு என்ன கவனிக்க வேண்டும்?

காலில் ரத்தம் உறைவதுதான் முக்கியமான ஆபத்து. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலை ஏற்றி இறக்குங்கள். முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே டிக்கெட் எடுக்க வேண்டும். அழுத்தக் காலுறை வேண்டுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரைகளுக்கு உள்ளூர் நேரத்தைப் பார்க்காதீர்கள். பயணம் முடியும்வரை ஒரு கடிகாரத்தைப் புறப்பட்ட ஊர் நேரத்திலேயே விட்டுவைத்து, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் அந்தக் கடிகாரப்படி போடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அளவையும் வேளையையும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டால் சரக்கு அறையில் இன்சுலின் உறைந்து கெடலாம்.

பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்றால் உடம்புக்கு இரவு பகல் தலைகீழ். சீராக ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். போய் இறங்கிய மறுநாள் காலை முக்கியமான சந்திப்பு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பவர் பேங்க் கொண்டுபோகலாமா?

கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ அனுமதிப்பதில்லை. ஃபோனுக்கு இருக்கையிலேயே மின்வசதி இருக்கிறது. கேபிளை மட்டும் மறக்காதீர்கள்.

சாங்கியில் சோதனை எப்போது?

முதல் மூன்று டெர்மினல்களிலும் பாதுகாப்புச் சோதனை அந்தந்தக் கேட்டின் வாசலில்தான். குடியேற்றத்தைத் தாண்டி உள்ளே வாங்கிய தண்ணீர் பாட்டிலானாலும் கேட்டில் காலி செய்யச் சொல்வார்கள். காலிப் பாட்டிலோடு போய் உள்ளே இருக்கும் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். அமெரிக்கா போகும் விமானங்களுக்குக் கூடுதல் கேள்விகள் இருக்கும். கடைசி அழைப்பு வரை கடைகளில் சுற்ற வேண்டாம்.

ஜேஎஃப்கேயா, நியூவார்க்கா?

எங்கே போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குவீன்ஸ், புரூக்ளின், லாங் ஐலண்ட் என்றால் ஜேஎஃப்கே. நியூ ஜெர்சி என்றால் யோசிக்காமல் நியூவார்க். நம் ஆட்கள் நிறைய இருக்கும் எடிசனுக்கு நியூவார்க் விமான நிலைய ஸ்டேஷனிலிருந்து அதே ரயில் பாதையில் போய்விடலாம். ஜேஎஃப்கேயில் இறங்கினால் மன்ஹாட்டனைக் குறுக்கே கடக்க வேண்டும். மன்ஹாட்டனுக்கே போவதானால் இரண்டிலிருந்தும் ஏர்டிரெய்ன் பிடித்து ரயில் மாற வேண்டும், பெரிய வித்தியாசம் இல்லை.

அமெரிக்காவுக்குள் கறிவேப்பிலை கொண்டுபோகலாமா?

கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் தங்கும் என்பதால் தடை. பழங்கள், விதைகள், இறைச்சி சேர்த்த பொடிகளிலும் பிரச்சினை வரும். எது வைத்திருந்தாலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பறிமுதலோடு போகும், மறைத்தால் அபராதம். மளிகைப் பொடிகளைக் கடையில் ஒட்டிய பாக்கெட்டோடும் பெயர்ச்சீட்டோடும் எடுத்துப்போங்கள்.

சிங்கப்பூர் திரும்பும்போது?

இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டை (சிங்கப்பூருக்குள் வருபவர்களுக்கான வருகைப் படிவம்) இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் அல்ல. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இதில் உடல்நல அறிவிப்பு மட்டும்தான். நியூயார்க்கில் தெருவுக்குத் தெரு விற்கும் வேப் (மின் சிகரெட்) கருவியைப் பையில் போட்டு வந்துவிடாதீர்கள்; சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட்டானாலும் சுங்கச் சோதனையின் சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும்.